தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை: போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறைப் பக்கம். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் காலையில் திருக்கடையூர், சாப்பாடு முடிந்ததும் தரங்கம்பாடி என்பது எங்கள் வீட்டு வழக்கம். இத்தனை வருடத்தில் அந்தக் கோட்டை வாசலில் நின்றுகொண்டு பலருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், பெரும்பாலானோர் கேட்காமல் விட்டுவிடும் ஒன்றிரண்டையும் இங்கே எழுதுகிறேன்.

கோட்டை எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

மயிலாடுதுறை மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, பொறையாறுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், காரைக்காலிலிருந்து சுமார் 15, சென்னையிலிருந்து ஏறத்தாழ 280. சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியில் ஓடும் பஸ்ஸில் ஏறினால் தரங்கம்பாடி நிறுத்தத்தில் இறங்கிக் கடலைப் பார்த்து நடக்க வேண்டியதுதான்.

ரயிலில் வருகிறவர்கள் மயிலாடுதுறையில் இறங்கிப் பஸ் பிடிப்பது எளிது. ஒரு காலத்தில் தரங்கம்பாடிக்கே ரயில் இருந்தது. 1926-இல் தொடங்கிய மீட்டர்கேஜ் பாதை அது, 1986-இல் நிறுத்திவிட்டார்கள். எங்கள் பகுதியில் வயதானவர்கள் இன்னும் அந்த ரயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

என்ன நேரத்தில் போகலாம்? விடுமுறை உண்டா?

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அன்று விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். மதியம் 1 மணிக்குச் சாப்பாட்டுக்காக மூடி, 2 மணிக்கு மறுபடி திறந்து, மாலை 5.45 வரை வைத்திருக்கிறார்கள். தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது, சிறிய கட்டணம் உண்டு. பொங்கல் சமயத்திலும் நீண்ட விடுமுறைகளிலும் கூட்டம் அதிகம்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள்தான் நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் கடுமையாக இருக்கும். சித்திரை வெயிலில் கோட்டை முற்றத்தில் பத்து நிமிடம் நிற்க முடியாது. மூன்றரை மணிக்கு மேல் உள்ளே போனால் மதில் மேல் நிழலும் கடற்காற்றும் கிடைக்கும்.

டென்மார்க்குக்காரர்கள் எப்படி இந்த ஊருக்கு வந்தார்கள்?

இது கொஞ்சம் நீளமான கதை. அவர்கள் தரங்கம்பாடிக்கு வரவேண்டும் என்று புறப்படவே இல்லை.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியான் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தார். கொஞ்ச நாளில் மார்செலிஸ் போஷவர் என்ற டச்சுக்காரர் கோபன்ஹேகனுக்கு வந்து, தான் இலங்கையின் கண்டி அரசருடைய தூதர் என்றும், போர்த்துக்கீசியரை விரட்ட உதவி வேண்டும் என்றும் கேட்டார். அதை நம்பி 1618-இல் கப்பல்கள் கிளம்பின. தலைமை தாங்கிய ஓவே கெட்டேவுக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. வழியிலேயே போஷவர் இறந்துபோனார். நோயில் ஏராளமான மாலுமிகளும் செத்தார்கள். 1620-இல் இலங்கைக்குப் போய்ச் சேர்ந்தால், தன் பேரில் போடப்பட்ட ஒப்பந்தத்தைக் கண்டி அரசர் ஏற்கவில்லை.

இதற்கிடையே இன்னொரு பக்கம் வேறொன்று நடந்தது. முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்த ‘ஒரேசுண்ட்’ என்ற கப்பலைப் போர்த்துக்கீசியர்கள் 1619-இல் காரைக்கால் கடலோரத்தில் தாக்கி மூழ்கடித்தார்கள். அதிலிருந்து ரோலண்ட் கிராப்பே என்ற வணிகரும் பதின்மூன்று பேரும் கரை சேர்ந்தார்கள். கரையில் பிடிபட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அப்போது அங்கே ஆட்சி செய்தவர் ரகுநாத நாயக்கர். கையில் ஒன்றுமில்லாமல் ஈரத்துணியோடு வந்த இந்த ஆட்களிடம் அவர் வியாபாரம் பேசினார். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் மட்டுமே கடை விரித்திருந்தால் விலையை அவர்கள்தான் வைப்பார்கள். இன்னொரு வெள்ளைக்காரக் கூட்டம் பக்கத்திலேயே இருந்தால் தஞ்சாவூருக்கு நல்லதுதானே. நாயக்கர் அப்படிக் கணக்குப் போட்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1620 நவம்பரில் ஒப்பந்தம் ஆனது. தரங்கம்பாடி என்ற கடற்கரைக் கிராமமும், வரி வசூலிக்கும் உரிமையும், ‘கல் வீடு’ ஒன்று கட்டிக்கொள்ளும் அனுமதியும் கிடைத்தன. அந்தக் கல் வீடுதான் இந்தக் கோட்டை. டேனிஷ்காரர்கள் அதற்கு டான்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள். ஊர்ப் பெயர் வாயில் நுழையாமல் ட்ராங்கேபார் ஆனது.

அப்படியானால் இது போரிட்டுப் பிடித்த இடம் இல்லையா?

இல்லை. இதை நான் ஒவ்வொருவரிடமும் அழுத்திச் சொல்வேன். கோட்டை, பீரங்கி என்றதும் வெள்ளைக்காரன் சண்டை போட்டுப் பிடித்தான் என்றே நினைத்துக்கொள்கிறோம். இங்கே நடந்தது குத்தகை. வருடா வருடம் தஞ்சாவூருக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டினால் நிம்மதி, கட்டாவிட்டால் படை வரும்.

மதில் மேல் ஏறி நின்றால் பீரங்கிகள் கடலைப் பார்த்து நிற்பதைக் காணலாம். ஆனால் இந்தக் கோட்டை உண்மையில் நடுங்கிய நாட்களில் ஆபத்து பின்பக்கத்திலிருந்து, வயல்வெளிப் பக்கத்திலிருந்து, தஞ்சாவூர்ச் சாலையிலிருந்துதான் வந்தது. அரிசியும் துணியும் அந்தச் சாலையில்தான் வந்தன. அதை அடைத்துவிட்டால் கோட்டைக்குள் இருப்பவன் எத்தனை நாளைக்கு உப்புக்காற்றைக் குடித்துக்கொண்டு இருப்பான்?

தங்க ஓலை என்கிறார்களே, அது கோட்டையில் இருக்கிறதா?

இங்கே இல்லை, கோபன்ஹேகனில் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் அது. பனை ஓலை மாதிரி தட்டிய தங்கத் தகட்டில் தமிழில் எழுதியிருக்கிறது. நாயக்கரின் கையெழுத்து தெலுங்கில். தஞ்சாவூர் அரசவையில் இரண்டு மொழிகளும் எப்படிச் சேர்ந்து புழங்கின என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சாட்சி வேண்டாம். அந்த ஓலையின் நல்ல படம் ஒன்றாவது பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால், வாசலில் நிற்கும்போது மனசில் வேறு மாதிரி இருக்கும்.

உள்ளே என்ன பார்க்கலாம்?

வாசலுக்குள் நுழைந்ததும் பெரிய திறந்த முற்றம். மதிலை ஒட்டி மூன்று பக்கமும் தாழ்வான அறைகள் வரிசையாக இருக்கும்: சமையற்கூடம், கிடங்குகள், சிப்பாய்கள் தங்கிய இடங்கள். நான்காவது பக்கம், அதாவது கடல் பக்கம், இரண்டு தளம் கொண்ட முக்கியக் கட்டடம். கீழ்த்தளத்தில் சரக்கு, வெடிமருந்து, சிறை. மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் வணிகர்களும் தங்கினார்கள். ஆரம்ப காலத்தில் தேவாலயமும் அங்கேயே இருந்தது. கோட்டையைச் சுற்றி அகழியும் தூக்குப்பாலமும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை.

மேல்தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. வாள், ஈட்டி, சின்னப் பீரங்கிக் குண்டுகள், சீனத் தேயிலை ஜாடிகள், பீங்கான் துண்டுகள், சுதைப் பொம்மைகள், பழைய ஆவணங்கள், ஒரு திமிங்கிலத்தின் எலும்புகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் எலும்பைப் பார்க்க ஓடும். பெரியவர்கள் கொஞ்சம் பொறுமையாக ஆவணங்களிடம் நில்லுங்கள். டேனிஷ்காரர்கள் இங்கே ஈயத்தில் காசு அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். ஈயம் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதனால் கிடைத்திருக்கும் காசுகளில் எழுத்து மங்கலாகத்தான் தெரியும். சந்தையில் கீரைக்கும் மீனுக்கும் கைமாறிய காசு அது.

என்னிடம் கேட்டால், கண்ணாடிப் பெட்டிகளைவிடக் கீழ்த்தளத்து அறைகளே முக்கியம். வளைந்த கூரை, குனிந்து நுழைய வேண்டிய வாசல். வெளியே தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் உள்ளே சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். சாளரம் இருக்கும் இடத்தில் சுவரின் கனத்தைக் கவனியுங்கள். முழங்கை வரை உள்ளே விட்டாலும் வெளிப்பக்கம் எட்டாது. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் செங்கல் தெரியும், அதன் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டால் மாவு மாதிரி ஒட்டும். தயவுசெய்து சுரண்டாதீர்கள். கடல் நானூறு வருடமாகச் செய்துவரும் வேலைக்கு நாமும் கை கொடுக்க வேண்டாம்.

பீரங்கிகள் அந்தக் காலத்தவைதானா? அவற்றால் என்ன பயன் இருந்தது?

பழைய பீரங்கிகள்தான். கப்பல் வந்தால் மரியாதைக்குச் சுடுவது, துறைமுகத்தில் நிற்கும் தங்கள் கப்பல்களுக்குக் காவலாக இருப்பது, எதிரிக் கப்பலைக் கிட்டே வரவிடாமல் செய்வது, இதுதான் கடற்பக்கத்துப் பீரங்கியின் வேலை. தரங்கம்பாடியில் கப்பல் கரையோடு வந்து நிற்கும் துறை கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கையும் ஆளையும் படகுகளில் அலையைத் தாண்டிக் கொண்டுவர வேண்டும். அந்தப் படகுகளைத் தள்ளியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். அலைக்கு எதிராகப் படகைத் திருப்பத் தெரிந்த கைகள் இல்லாமல் கோட்டைக்குள் ஒரு மூட்டை மிளகுகூட நகர்ந்திருக்காது.

கோட்டையில் இருந்த சிப்பாய்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

அதைப் பற்றி உள்ளே இருந்தே பார்த்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஐஸ்லாந்துக்காரரான யோன் ஓலாஃப்சன். டேனிஷ் படையில் பீரங்கிக்காரராகச் சேர்ந்து, கோட்டை கட்டிச் சில வருடங்களே ஆகியிருந்தபோது, 1620-களின் தொடக்கத்தில் இங்கே வந்தார். பனி உறைந்த தீவில் பிறந்தவர் தரங்கம்பாடி வெயிலில் வெடிமருந்தோடு மல்லுக்கட்டினார். ஒருநாள் மருந்து தீப்பிடித்து வெடித்ததில் படுகாயம் அடைந்தார். அத்தோடு ஊர் திரும்பி, வயதான காலத்தில் 1661-இல் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். இன்றும் ஐஸ்லாந்தில் அவருக்கு ‘இந்தியா போய்வந்தவர்’ என்றுதான் பட்டப்பெயர். எதிரியின் குண்டில் அடிபட்டவர் இல்லை அவர். சொந்தக் கோட்டையின் மருந்துதான் அவரைச் சாய்த்தது. அக்காலச் சிப்பாய்களுக்கு எதிரியைவிடக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் விபத்தும்தான் பெரிய எமன்கள்.

ஐரோப்பியச் சிப்பாய்கள் எப்போதுமே குறைவு. காவலில் பெரும்பகுதி தோப்பாஸ் என்று அழைக்கப்பட்ட, போர்த்துக்கீசிய மொழி பேசிய கலப்பினத்தாரும் உள்ளூர் ஆட்களும்தான். கோட்டையைக் கட்டிய கைகளும் இந்தப் பகுதிக் கொத்தனார், சித்தாள்களின் கைகள்தான். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 17-ஆம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். பஞ்ச காலத்தில் சோற்றுக்காகத் தன்னையோ தன் பிள்ளையையோ விற்றவர்கள் இந்தக் கடற்கரை நெடுக இருந்தார்கள். மேல்தளத்துப் பீங்கானைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒரே ஒரு டேனிஷ்காரர் தனியாகக் கோட்டையைக் காத்தார் என்பது உண்மையா?

உண்மை. எனக்கு இந்தக் கோட்டையில் ரொம்பப் பிடித்த கதையும் இதுதான்.

டென்மார்க் ஐரோப்பாவில் போர்களில் சிக்கிப் பணமில்லாமல் தவித்தது. 1640-களில் கோபன்ஹேகனிலிருந்து கப்பல் வருவதே நின்றுபோனது. 1650-இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் இருந்தவர்களுக்கு அந்தச் செய்திகூடச் சரியாக வந்திருக்குமா என்பது சந்தேகம். ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் விட்டுவிட்டுப் போனார்கள். 1655 வாக்கில் மிச்சம் இருந்த ஒரே டேனிஷ்காரர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. எழுதப் படிக்கத் தெரியாத சாதாரண ஆள். கோட்டையின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

குத்தகைப் பணம் கட்ட வழியில்லை. தஞ்சாவூரில் இப்போது ரகுநாதரின் மகன் விஜயராகவ நாயக்கர். பாக்கி கேட்டுப் படை வந்தது, ஒரு தடவை அல்ல, பல தடவை. கோங்ஸ்பாக்கே உள்ளூர்க் காவலர்களை வைத்துக்கொண்டு தாக்குப்பிடித்தார். செலவுக்கு என்ன செய்தார் என்றால், வங்காள விரிகுடாவில் போகும் கப்பல்களைப் பிடித்தார். டேனிஷ்காரர்களுக்கு வங்காளத்து மொகலாயரோடு 1642-லிருந்தே பகை இருந்தது, அதைச் சாக்காக வைத்து அவர்கள் பக்கத்துக் கப்பல்களை மடக்கினார்கள். சுருக்கமாகச் சொன்னால் கடற்கொள்ளை. அந்தப் பணத்தில்தான் கோட்டையைப் பழுது பார்த்தார், ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார், கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் செய்துகொண்டார்.

மற்ற நாட்டுக் கப்பல்களில் தகவல் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒருவழியாக 1669 மே மாதம் ‘ஃபேரோ’ என்ற போர்க்கப்பல் சீவர்ட் ஆடலரின் தலைமையில் வந்து சேர்ந்தது. தாய்நாட்டிலிருந்து பல வருடத்துக்குப் பிறகு வந்த முதல் கப்பல். கோட்டையில் டேனிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. கோங்ஸ்பாக்கேவையே முறைப்படி கவர்னர் ஆக்கினார்கள்.

அந்த மனிதர் பிடித்த கப்பல்களில் இருந்தவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. அவர்கள் சரக்கையும் வாழ்க்கையையும் இழந்தவர்கள். ஆனாலும், மாலை நேரத்தில் கடற்பக்க மதிலில் நின்று, இந்த அடிவானத்தில் ஒரு பாய்மரம் தெரியாதா என்று 14 வருடம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆளை நினைத்தால் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

பெரிய முற்றுகை எதுவும் நடந்ததா?

நடந்தது. 1699-இல் தஞ்சாவூர் மராத்திய அரசர் ஷாஜியின் படை தரங்கம்பாடியைச் சுற்றி வளைத்தது. நாயக்கர் ஆட்சி முடிந்து மராத்தியர் வந்துவிட்ட காலம். மாதக்கணக்கில் நீடித்த முற்றுகை, மதில் உடையும் நிலைக்கே போய்விட்டது. கடைசியில் மதராஸிலிருந்து ஆங்கிலேயர் படை அனுப்பி உதவினார்கள். அப்போது அங்கே கவர்னர் தாமஸ் பிட். டேனிஷ்காரர்கள் மேல் பாசத்தால் அவர்கள் வரவில்லை. ஒரு ஐரோப்பியக் கோட்டை விழுந்தால் அடுத்தது தங்கள் கோட்டை என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

இங்கேயும் பாருங்கள், எதிரி கடலில் வரவில்லை. ஊர் மதிலும் நிலவாசலும் எவ்வளவு முக்கியம் என்பது இதனால்தான் புரியும். ராஜா வீதியின் மேற்குக் கோடியில் நிற்கும் வெள்ளை நிற நிலவாசலில் 1792 என்ற ஆண்டும் டேனிஷ் அரசரின் முத்திரையும் இருக்கின்றன. எல்லோரும் காரில் அதற்குள் புகுந்து நேராகக் கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு நிமிடம் இறங்கி மரக்கதவின் உயரத்தைப் பாருங்கள். இராத்திரியில் அந்தக் கதவைச் சாத்தினால் ஊரே பூட்டிய வீடு.

சீகன்பால்குவைச் சிறை வைத்தது இங்கேதானா?

ஆமாம், இதே கோட்டையில். சீகன்பால்கு டென்மார்க் அரசரே அனுப்பிவைத்த ஜெர்மானியப் பாதிரியார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடிக்கு வந்தார். அதற்குள் மறுபடி தொடங்கப்பட்டிருந்த டேனிஷ் கம்பெனியின் அதிகாரிகளுக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. மதம் பேசினால் வியாபாரம் கெடும் என்பது அவர்கள் கவலை. ஏழைகளின் வழக்குகளில் அவர் தலையிட்டது அவர்களுக்கு இன்னும் எரிச்சல். 1708 கடைசியில் பிடித்து உள்ளே போட்டு, ஏறத்தாழ நான்கு மாதம் வைத்திருந்தார் கவர்னர். பிறகு வெளியே வந்த அந்த மனிதர்தான் தமிழ் அச்சுக்கூடம் அமைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715-இல் முடித்தார். 1719-இல் இறந்தபோது அவருக்கு 36 வயது. அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் ராஜா வீதியிலேயே இருக்கிறது, அவரை அடக்கம் செய்ததும் அங்கேதான்.

கோட்டைச் சிறையையும் அந்த ஆலயத்தையும் ஒரே நடையில் பார்க்கலாம், அதிக தூரமில்லை.

ஆங்கிலேயர் கைக்கு எப்படிப் போனது?

டென்மார்க்கும் பிரிட்டனும் ஐரோப்பாவில் சண்டை போட்டால் இங்கே கொடி மாறும். 1801-இல் கோபன்ஹேகன் கடற்போர் நடந்ததும் ஆங்கிலேயர் தரங்கம்பாடியை எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வருடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1808-இல் மறுபடி எடுத்தார்கள், 1815-இல்தான் திரும்பக் கிடைத்தது. இரண்டு தடவையும் கோட்டை எதிர்த்து நின்று போரிடவில்லை. சுற்றிலும் தஞ்சாவூர்ச் சீமை முழுவதும் ஆங்கிலேயரிடம் போய்விட்ட பிறகு எதிர்ப்பதில் அர்த்தமும் இல்லை.

அதற்கு முன் ஊர் செழித்ததே மற்றவர்கள் போரிட்டதால்தான். ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் 18-ஆம் நூற்றாண்டில் அடித்துக்கொண்டபோது டென்மார்க் யார் பக்கமும் சேரவில்லை. அதனால் இரண்டு பக்கத்து வணிகர்களும் பாதுகாப்பாகச் சரக்கு அனுப்ப டேனிஷ் கொடி பறக்கும் கப்பலைத் தேடினார்கள். அந்த அனுகூலம் போனதும் வருமானமும் போனது. 1845-இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தின் ஸ்ரீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் மாவட்டத்துக் கலெக்டர் அலுவலகம்கூடத் தரங்கம்பாடியில் இருந்தது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்த பிறகு துறைமுகம் முழுக்க அடங்கிப்போனது.

பெரிய ஊராக வளராமல் போனது இந்த இடத்துக்கு ஒரு விதத்தில் நல்லதாயிற்று. இடித்துப் புதிதாகக் கட்ட யாருக்கும் அவசியம் வரவில்லை, பழைய வீதிகள் அப்படியே தங்கின.

சுனாமியில் கோட்டைக்கு என்ன ஆயிற்று?

2004 டிசம்பர் 26 அன்று தரங்கம்பாடியில் கடல் ஊருக்குள் வந்தது. மீனவர் குடியிருப்பு பெரும் அழிவைச் சந்தித்தது. கோட்டை நின்றுவிட்டது. யாராவது ‘கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று கேட்கும்போது நான் முதலில் அந்த மனிதர்களைப் பற்றித்தான் சொல்வேன். இன்றைக்கும் கடற்கரையில் பேசிப்பார்த்தால் அந்த நாளைத் தொடாமல் பேச்சு முடியாது.

கடல் அரிப்பு இங்கே சுனாமிக்கு வெகுகாலம் முந்தியது. கோட்டைக்குக் கொஞ்சம் வடக்கே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டியது. ஊரின் பழைய பெயர் சடங்கன்பாடி என்று அந்தக் கல்வெட்டிலிருந்துதான் தெரியவருகிறது. அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது. இப்போது கரையில் பாறைகளைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். கோட்டையைக் கட்டியபோது கடல் இவ்வளவு கிட்டே இல்லை.

அந்தப் பாறைகள் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். பாசி வழுக்கும், அலை எதிர்பாராமல் அடிக்கும். வேண்டாம். குளிக்கவும் ஏற்ற கடல் இல்லை.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

கோட்டைக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். நிலவாசல், 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், கவர்னர் மாளிகை, மாசிலாமணிநாதர் கோயில் எல்லாவற்றையும் நடந்தே பார்த்தால் அரை நாள். திருக்கடையூர் சுமார் 8 கிலோமீட்டர், பூம்புகார் அதற்கும் வடக்கே. ஒரே நாளில் மூன்றையும் அடைக்கப் பார்க்காதீர்கள், எதுவும் மனசில் நிற்காது. பூம்புகாரைத் தனி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள் ஏற முடியுமா?

முற்றமும் கீழ் அறைகளும் சமதரை, யாரும் சுற்றலாம். மேல்தளத்துக்குப் படியேற வேண்டும். படிகள் உயரமானவை, ஒருவர் கைபிடித்து ஏற்றினால் நல்லது. மதில் மேல் கடற்பக்கம் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். என் அம்மா முழங்கால் வலியோடு படியேற மாட்டேன் என்று முற்றத்து நிழலிலேயே உட்கார்ந்துகொள்வார். தண்ணீர் பாட்டிலும் விசிறியும் பக்கத்தில் இருந்தால் போதும் அவருக்கு. அப்புறம் நாங்கள் இறங்கி வந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘அந்தக் கப்பல் வந்துச்சாடா?’